குமிழி மறையும் வரை

என் அக்காவைக் கட்டியவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. அது அவருக்கே மறந்திருக்கும். கார் ஏசி வேலை பார்க்கிறவர் என்பதால் கடைத்தெருவே அவரைக் ‘குளுகுளு’ என்றுதான் கூப்பிடும். நான் மாமா என்பேன். கோபம் வந்தால் எனக்கும் அவர் குளுகுளுதான். கோபம் எனக்கு அடிக்கடி வரும்.

மனிதர் பட்டப்பகலில் கனவு காண்கிறவர். தட்டு முன்னால் இருக்கும், கை அந்தரத்தில் நிற்கும், வாயில் ஈ போனாலும் தெரியாது. பட்டறையில் ஒரு காரின் முன்மூடியைத் திறந்து குனிந்தால் கூப்பிட்ட குரலுக்குப் பதில் வராது. பழைய ஏசிகளில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டக் கண்ணாடி இருக்கும். உள்ளே ஓடும் கேஸ் அதில் தெரியும். கேஸ் போதாவிட்டால் குமிழி குமிழியாக ஓடும். நிரம்பிவிட்டால் குமிழி மறைந்து கண்ணாடி தெளிந்துவிடும். அந்தக் குமிழிகள் ஒவ்வொன்றாக அடங்குவதைப் பார்த்துக்கொண்டு, தூக்கத்தில் சிரிக்கிறவர் மாதிரி நிற்பார். அது தெளிந்தால்தான் வேலை முடிந்தது என்று கையைத் துடைப்பார். வாழ்க்கை முழுக்க அப்படியே பழகிவிட்டார்.

அக்காவுக்கு நரம்பு வியாதி. சூடுதான் அவளுக்கு எதிரி. உடம்பு சூடேறினால் முதலில் விரல்கள் விட்டுப்போகும், பிறகு கை, பிறகு நாக்கு குழறும். குளிர்ந்தால் திரும்பி வரும். ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது. கோடை முழுக்க ஒரே அறையில், பச்சைத் திரை போட்ட வெளிச்சத்தில், ஏசியின் முணுமுணுப்பைக் கேட்டபடி கிடப்பாள். அந்த அறைக்குள் போனால் குளத்துக்கு அடியில் இறங்கின மாதிரி இருக்கும். என் குரல்கூட அங்கே தானாகத் தணிந்துவிடும்.

மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குறைமாதப் பிள்ளை, இப்போதைக்குப் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். “குளிர்காலம் வரட்டும், நாமளே போயிட்டு வரலாம்” என்றேன் நான்.

“குளிர்காலம் வரும். இந்தக் கை இருக்குமா?” என்று அக்கா கேட்டாள். “தூக்குறதுக்குத் தெம்பு இருக்கும்போதே ஒரு தடவை தூக்கணும்டி. அவ்வளவுதான் எனக்கு.”

மாமா எழுந்து கொட்டகைக்குப் போனார். அங்கே அவருடைய பழைய நீளக் கார் தூசி மூடிக் கிடந்தது. புது வண்டிகளில் காலை மடக்கித்தான் உட்கார வேண்டும், அக்காவுக்குக் கால் மடங்காது. இந்தக் காரின் முன்சீட்டு ஒரே நீளப் பலகை மாதிரி, காலை நீட்டிச் சாய்ந்துகொள்ளலாம். ஆனால் அதன் ஏசி எப்போதோ செத்துப்போயிருந்தது. அந்தக் காலத்துக் கேஸ் வானத்துக்குக் கெடுதல் என்று நிறுத்திவிட்டார்கள். புதுக் கேஸுக்கு மாற்றினால்தான் உண்டு.

மாற்றினார். குழாய்க்குள் மிச்சமிருந்த பழைய கேஸை மெஷின் வைத்து உறிஞ்சி சிலிண்டரில் அடைத்தார். புதுக் கேஸோடு சேராத பழைய எண்ணெயைச் சொட்டு விடாமல் வடித்தார். குழாய்களைக் கழுவினார், ரப்பர் வளையங்களை எல்லாம் புதிதாகப் போட்டார், ஈரம் உறிஞ்சும் டப்பாவை மாற்றினார். கடைசியில் பம்ப் வைத்து உள்ளே இருந்த காற்றையும் இழுத்துவிட்டு, மீட்டர் முள் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் டீ கொண்டுபோனேன்.

“எங்கயும் ஒழுகல. உள்ள இப்ப ஒண்ணுமே இல்லம்மா. காத்துகூட இல்ல. சுத்த வெறுமை.”

“உங்க மண்டை மாதிரியா?”

சிரித்தார். முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மறுநாள் காலை சிலிண்டரைத் தராசில் வைத்து, எடை பார்த்துப் புதுக் கேஸ் நிரப்பினார். மத்தியானம் ஒரு சுற்றுப் போய்ப் பார்ப்போம் என்று அக்காவை முன்சீட்டில் சாய்த்துக் கிளம்பினோம். ஆஹா, என்ன குளிர்! கண்ணாடிக்கு வெளியே தெரு முழுக்க அனலில் நெளிந்தது, கட்டடங்கள் கரைந்து மிதந்தன. உள்ளே அக்கா மெல்ல ஏதோ முனகிப் பாடினாள். பல வருஷமாகக் கேட்காத பாட்டு. பெரிய சாலைச் சந்திப்பில் வண்டிகள் அடைத்து நின்றன. நின்ற கொஞ்ச நேரத்தில் குளிர் குறைந்தது, பிறகு நின்றது, பிறகு சூடான காற்று வந்தது.

“மாமா, அனலா அடிக்குது!”

அக்காவின் கை மடியிலிருந்து வழுக்கித் தொங்கியது. ஏதோ சொல்ல வந்தாள், நாக்கு புரளவில்லை. வீடு வந்து, ஈரத்துணி போட்டு, அந்தப் பச்சை அறையில் அவளைக் கிடத்தின பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மூச்சோடு கோபமும் வந்தது.

“ஊர்க் காருக்கெல்லாம் குளிர வைக்கத் தெரியுது, கட்டினவளுக்கு ஒரு மணி நேரம் தெரியலையா? என்னதான் பண்ணித் தொலைச்சீங்க?”

அவர் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். “கேஸ் கூடிப்போச்சு. அழுத்தம் ஏறி ஏசி நின்னுடுச்சு.”

“எடை பாத்துத்தானே போட்டீங்க?”

“தராசு போதும்னுதான் காட்டுச்சு. கண்ணாடியில குமிழி இருந்துச்சு. புதுக் கேஸ்ல குமிழி இருக்கத்தான் செய்யும், எனக்குத் தெரியும். ஆனா மனசு கேக்கல. இவ விஷயத்துல குறை வெச்சிடக் கூடாதேன்னு இன்னும் கொஞ்சம் விட்டேன். அது மறையிற வரைக்கும் விட்டேன்.”

அதற்கு மேல் என்னால் திட்ட முடியவில்லை. கட்டிலில் இருந்து அக்காவின் குரல் குழறி வந்தது. “கண்ணாடியப் பாத்தது போதும். என்னப் பாருங்க.”

கேஸ் முழுவதையும் வெளியே எடுத்து, மறுபடி வெறுமையாக்கி, திரும்ப நிரப்பி, தராசு போதும் என்று காட்டிய இடத்தில் நிறுத்தினார். வண்டி நிற்கும்போதும் காற்றுப் படும்படி முன்னால் இன்னொரு காற்றாடியும் பொருத்தினார். குமிழிகள் ஓடிக்கொண்டேதான் இருந்தன. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடியைச் சாத்தினார். இந்தத் தடவை அதே சந்திப்பில், அதே வெயிலில், என்னை மட்டும் உட்கார வைத்து நிறுத்திப் பார்த்தார். எனக்கு ஜலதோஷமே பிடித்துவிட்டது. அதைச் சொன்னபோது அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

அடுத்த வாரம் கிளம்பினோம். மலைச்சாலையில் வெயில் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. தூரத்தில் சாலை மேல் தண்ணீர் தெரியும், கிட்டப் போனால் காணாமல் போகும். உள்ளே குளிர், எஞ்சினின் தாலாட்டு. நான் தூங்கினேனா விழித்திருந்தேனா என்று எனக்கே தெரியாது. நடுநடுவே மாமாவின் குரல் மட்டும் கேட்டது. “விரல மடக்கு பாப்போம்.” அக்கா மடக்குவாள். “சரி” என்பார்.

மகள் வீட்டு வாசலில் நின்றபோது நடு மத்தியானம். வீடு மாடியில், மேலே ஏசி கிடையாது. இறங்கினால் படியேறுவதற்குள் அக்கா துவண்டுவிடுவாள். அதனால் மகள் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு கீழே ஓடி வந்து காருக்குள் ஏறிக்கொண்டாள். நானும் பின்சீட்டிலிருந்து முன்னால் குனிந்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தெருவே கதவடைத்துத் தூங்கியது.

அக்கா இரண்டு கையையும் நீட்டினாள். வாங்கினாள். விரல்கள் மூடின. என் அக்கா அழவில்லை, சிரித்தாள். நான்தான் அழுதேன்.

குழந்தை தும்மியது. குட்டி உதடு நடுங்கியது.

“ஏசியை நிறுத்துங்க” என்றாள் அக்கா.

மாமா திரும்பிப் பார்த்தார். “உனக்கு?”

“பிள்ளைக்குக் குளிருதுங்க. நிறுத்துங்க.”

மகள் குழந்தையை வாங்கக் கையை நீட்டினாள். அக்கா தலையை ஆட்டினாள். மாமாவின் விரல் சுவிட்சின் மேல் ரொம்ப நேரம் இருந்தது. பிறகு அவரே அணைத்தார். காரில் மெல்லச் சூடு ஏறியது. அக்காவின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்வதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். மாமா தன் இரண்டு உள்ளங்கைகளையும் அவள் கைகளுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்.