ரபேல் துடைத்த கண்ணாடி

மேரு என்ற ஊரில் கணவரோடு கார் கழுவும் கடை நடத்தும் மகதலேனாவுக்குக் கார்களால் ஒரு தொல்லையும் இல்லை. தொல்லையெல்லாம் கணவர் ரபேலால்தான். தண்ணீர் பீய்ச்சுவதும் நுரை போடுவதும் அவர் வேலை. ஈரம் துடைப்பதும் கண்ணாடி துடைப்பதும் இவள் வேலை. முன்பு கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டைக் கையுறைகளைப் பொறுக்கி எடுத்த கண், கண்ணாடியில் மெல்லிய கோடு இருந்தாலும் விடாது.

நீலத் துணி கண்ணாடிக்கு, மஞ்சள் துணி கார் பாடிக்கு, கிழிந்த பனியன் டயர் பாலிஷுக்கு. இதை ரபேலிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"எல்லாம் துணிதானே லா," என்பார் அவர்.

அந்தச் சனிக்கிழமை, தங்கை கல்யாணத்துக்கு மாலை வாங்கப் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போகிற அவசரத்தில் ஷாமினி என்ற பெண் தன் காரைக் கழுவ வந்தாள். மகதலேனா வேறொரு வேனுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாள். "நீ இரு, நானே தொடச்சிடறேன்," என்றார் ரபேல். வெயிலில் கண்ணாடி பளபளத்தது. ஷாமினியும் கிளம்பிப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் மழை கொட்டியது. அதே கார் ஊர்ந்து திரும்பி வந்தது. ஜன்னல் வழியே தலையை வெளியே நீட்டியபடி ஓட்டி வந்த ஷாமினி தெப்பமாக நனைந்திருந்தாள்.

"அக்கா, முன்னால ஒன்னுமே தெரியல! வைப்பர் போட்டா பால் ஊத்தின மாதிரி இருக்கு. ஒரு லோரியில போய் இடிச்சிருப்பேன்!"

மகதலேனா முன்கண்ணாடியைத் தொட்டாள். விரல் வழுக்கியது. முகர்ந்தால் டயர் பாலிஷ் வாடை.

"மழை பேஞ்சா எல்லாக் கண்ணாடியும் அப்படித்தான் இருக்கும்," என்றார் ரபேல்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஷாமினியிடம் சாவியை வாங்கி அவர் கையில் திணித்தாள். "அப்படியா? அந்த மூலை வரைக்கும் ஓட்டிட்டு வாங்க, பாப்போம்."

பாதி வழியில் பிரேக் விளக்கு எரிந்தது. கார் அங்கிருந்து பின்னோக்கியே ஆமை வேகத்தில் திரும்பியது. இறங்கியவர் முகத்தில் ரத்தமே இல்லை. "கால்வாய் இருக்கறதே தெரியல, லேனா."

அவள் பாத்திரம் கழுவும் சோப்பை வெந்நீரில் கரைத்துக் கண்ணாடியையும் வைப்பர் ரப்பரையும் தேய்த்தாள். அலசி, ஈரத் துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்தாள். வெளிப்பக்கம் மேலிருந்து கீழ், உள்பக்கம் குறுக்காக. கோடு விழுந்தால் எந்தப் பக்கம் என்று அப்போதுதான் தெரியும். ஜன்னல்களைச் சற்று இறக்கி, மேல் விளிம்பில் நின்ற ஈரத்தையும் ஒற்றி எடுத்தாள். ஷாமினிக்குத் தலை துவட்ட வீட்டுத் துண்டைக் கொடுத்தாள். "மன்னிச்சிரும்மா. மெதுவா போ." மழை விடாத சாலையில் கார் நேராகப் போவதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

மறுநாள் தேவாலயப் பூசை முடிந்து அவள் வந்தபோது, ரபேல் யாரும் சொல்லாமலே நீலத் துணிகளைத் தனியாகத் துவைத்து, காயவைத்து, மடித்தும் வைத்திருந்தார். மகதலேனாவுக்கு மனசு இளகியது. ஒன்றை எடுத்தாள். மல்லிகை வாசம் தூக்கியது.

"என்ன போட்டீங்க?"

"துணிக்குப் போடுற சாஃப்ட்னர். நல்லா வாசமா இருக்கட்டுமேன்னு."

"ஐயோ, அதோட பிசுக்கு துணியில ஒட்டிக்கும்ங்க! கண்ணாடியில வச்சா மறுபடியும் மங்கும்!"

ரபேல் விழித்தார். அவள் அத்தனை துணியையும் வாரி வாளியில் போட்டு, வெந்நீர் வைக்கப் போனாள்.