டூரினில் நிற்காத குழாய்

புதுக்கோட்டைப் பக்கம் இலுப்பூரில் எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். வருகிற அன்று காலையில் எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டோம். குடம் நிறைந்து கொஞ்சம் வழிந்தால் போதும், அப்பாவின் சத்தம் தெருமுனை வரை கேட்கும். படிப்பு முடித்து ஊர் திரும்பிச் சில வருஷங்கள் ஆன பின்னும், குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுக் காத்திருக்கிற அந்த நேரத்தில் எனக்கு இத்தாலியில் நான் படித்த டூரின் நகரம்தான் ஞாபகம் வருகிறது. அந்த ஊரை இவ்வளவு தேடுவேன் என்று அங்கே இருந்தபோது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அப்பாவுக்கு உரக்கடை. மழை பொய்த்த வருஷத்தில் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். அதனாலோ என்னவோ, டீக்கடை வாசலில், பஸ் ஸ்டாண்டில், கல்யாண மண்டபத்தில் கை கழுவுகிற இடத்தில், எங்கே குழாய் ஒழுகினாலும் அதைப் போய் அடைத்துவிட்டுத்தான் அவருக்கு மறுவேலை. சின்ன வயதில் அவரோடு வெளியே போவதற்கே எனக்கு வெட்கமாக இருக்கும்.

நான் படிக்க இத்தாலிக்குப் போவது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அண்ணன் ஏற்கெனவே குவைத்தில் இருந்தான். "ஒரு புள்ளையக் கடலுக்கு அங்கிட்டு விட்டது பத்தாதா?" என்று கேட்டார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். விசா வந்த அன்றோடு அப்பா என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கறிவேப்பிலை வாங்கக் கடைக்குப் போனாலும் "போயிட்டு வாரேன்" என்று சொல்ல வேண்டும். உள்ளேயிருந்து "போயிட்டு வா" என்று பதில் வந்த பிறகுதான் வாசற்படி தாண்டலாம். வரவில்லையென்றால் நின்று மறுபடியும் சொல்ல வேண்டும். திருச்சி விமான நிலையத்துக்குப் போகக் கார் வந்து நின்ற அன்று, நான் அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் நின்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். அம்மாதான் திருநீறு பூசிவிட்டு, "சரி, போயிட்டு வாத்தா" என்று அவருக்கும் சேர்த்துச் சொன்னாள். எனக்கு அது போதவில்லை. விமானத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

டூரினில் போய் இறங்கிய மறுநாள் உப்பும் சிம் கார்டும் வாங்கக் கிளம்பினேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேர் நேரான தெருக்கள். இரண்டு பக்கமும் தூண்களோடு கூரை போட்ட நடைபாதை, மழை பெய்தாலும் நனையாமல் ஊரைச் சுற்றிவிடலாம். தெருக்கோடியில் பனி மூடிய மலை. எல்லாம் அழகாகத்தான் இருந்தது. எனக்குத்தான் எதிலும் மனசு ஒட்டவில்லை.

ஒரு முக்கில் திரும்பினால், பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்புக் கம்பம் ஒன்று இடுப்பு உயரத்துக்கு நின்றது. அதில் ஒரு சின்னக் காளைத் தலை. காளையின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை, ஒரு குடம் இல்லை. எனக்குப் பகீரென்றது. எவனோ திறந்துவிட்டு அடைக்காமல் போயிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே கிட்டே போனேன்.

திருகு எதையும் காணோம். கம்பத்தைச் சுற்றி வந்தேன். காளையின் காதை அமுக்கினேன். கொம்பைப் பிடித்துத் திருகினேன். புதுக்கோட்டைக்காரிக்குக் காளைக் கொம்பு பழக்கம்தானே என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஜல்லிக்கட்டைக் கம்பி வேலிக்கு இங்கிட்டு நின்று பார்த்ததோடு சரி. நாயோடு வந்த ஒரு அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத் தண்ணீர் குடிக்கத் தெரியவில்லை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. பக்கத்தில் வந்து, கையைக் குவித்து ஏந்தி, குடித்துக் காட்டி, வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நாயும் குடித்தது. நான் நன்றி சொல்லிவிட்டு நடந்தேன். அடுத்த முக்கில் இன்னொரு காளை, அதுவும் அப்படியே கொட்டிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் ஒருத்தருக்குமா பொறுப்பில்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

எனக்குக் காலை என்றால் ஊரில் அப்பா மதியச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வருகிற நேரம். வேண்டுமென்றேதான் அந்த நேரமாகப் பார்த்து அம்மாவைக் கூப்பிடுவேன். "அப்பா சாப்புடுறாங்க" என்பாள் அம்மா. தட்டு நகர்கிற சத்தம் கேட்கும், அவர் இருமுவது கேட்கும், அவ்வளவுதான். காளைக் குழாயைப் பார்த்த மறுநாள் வீடியோவில் கூப்பிட்டு அம்மாவுக்கு அதைக் காட்டினேன்.

"என்னடி இது, நிறுத்த மாட்டாகளா?" என்றாள் அம்மா.

"நிறுத்தவே முடியலம்மா. ராத்திரி பகலா ஓடுது."

தட்டுச் சத்தம் நின்றது. பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "கம்பத்துக்குப் பக்கத்துல தரையில மூடி எதுவும் இருக்கான்னு பாக்கச் சொல்லு. வால்வு அதுக்குள்ளதான் இருக்கும்."

"ஒங்க மகதான? நீங்களே சொல்லுங்களேன்" என்று அம்மா போனை அவர் பக்கம் நீட்டினாள். உடனே டிவி சத்தம் கூடியது.

அது போதும் எனக்கு. அடுத்த நாளிலிருந்து வகுப்பு தவிர்த்த நேரமெல்லாம் குழாய் தேடி அலைந்தேன். கூடப் படிக்கிறவர்கள் அரண்மனை பார்த்தார்கள், மியூசியம் பார்த்தார்கள். நான் காய்கறிச் சந்தையில் ஒரு குழாய், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு குழாய், கிழவர்கள் சீட்டாடுகிற பூங்காவில் ஒரு குழாய் என்று பார்த்துக்கொண்டு போனேன். அப்படித்தான் அந்த ஊரின் சந்துபொந்தெல்லாம் எனக்குப் பழகியது. எந்தக் கடையில் மல்லித்தழை கிடைக்கும், எந்த டிராம் எங்கே திரும்பும் என்பதெல்லாம் குழாய் பார்க்கப் போன வழியில் தெரிந்துகொண்டதுதான்.

மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்து ஒவ்வொன்றாகக் காட்டுவேன். அப்பா அம்மாவிடம் கேட்பார், அம்மா என்னிடம் கேட்பாள். "நேத்துக் காட்டுனது நின்னுச்சான்னு கேளு." "இது அதுவா, வேறயான்னு கேளு." நான் அம்மாவுக்குச் சொல்ல, அவள் ரெண்டடி தூரத்தில் இருக்கிறவருக்குத் திருப்பிச் சொல்வாள். "என்னைய நடுவுல வச்சு ரெண்டு பேரும் வெளையாடுறீங்களா? எனக்குச் சோறு ஆறுது" என்று சலித்துக்கொண்டாள். முதலில் திரையின் ஓரத்தில் அவர் தோள் மட்டும் தெரிந்தது. பிறகு தோளோடு ஒரு காதும் தெரிய ஆரம்பித்தது.

ஒருநாள் அம்மா, "இம்புட்டுத் தண்ணியும் எங்க போகுதுன்னு அப்பா கேக்குறாங்க" என்றாள். எனக்குத் தெரியவில்லை. என்னோடு அறையில் இருந்தவள் சிசிலித் தீவுக்காரி. அவள் ஊரிலும் கோடையில் தண்ணீர் லாரி வருமாம், வீட்டுக்கு வீடு மாடியில் டேங்க் உண்டாம். அதனால் என் கேள்வியைக் கேட்டு அவள் சிரிக்கவில்லை. ஓடாமல் நின்றால் குழாய்க்குள்ளேயே தேங்கிக் கெட்டுவிடும் என்பதால் ஓடவிடுகிறார்கள், மிச்சமெல்லாம் கடைசியில் ஆற்றுக்குத்தான் போகிறது என்றாள். கூட்டிக்கொண்டு போய்ப் பாலத்தில் நின்று ஆற்றையும் காட்டினாள்.

மறுநாள் காலை வகுப்புக்குப் போகிற வழியில், நான் முதலில் பார்த்த அந்தக் குழாயடியிலிருந்தே கூப்பிட்டேன். விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். அவள் திரும்பிச் சொல்வதற்குள் அப்பாவே கேட்டுவிட்டார். "ஆத்துல தண்ணி ஓடுதா?"

"ரெண்டு கரையும் தொட்டு ஓடுதுப்பா" என்றேன்.

அங்கே போன் கைமாறியது. திரையில் எங்கள் வீட்டு மின்விசிறி தெரிந்தது, சுவர் தெரிந்தது. அப்புறம் அப்பாவின் முகம் மிக அருகில் வந்தது. சவரம் செய்து நாளாகியிருந்தது.

"நீ அதக் குடிச்சுப் பாத்தியா?"

"இல்லப்பா." நிஜமாகவே இல்லை. அத்தனை குழாய்களைப் பார்த்தும் ஒரு வாய் குடிக்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

"குடி."

போனை ஒரு கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, மறு கையை ஏந்திக் குடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பல்லு கூசுதா?"

"கூசுதுப்பா. ஆனா நல்லாருக்கு."

"ம். வீணாக்காமக் குடி" என்றார். அந்த ஊரில் போய் வீணாக்காமல்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முகத்தையும் அந்தத் தண்ணீரிலேயே கழுவிக்கொண்டேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டது. போனை வைக்கிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பழக்கதோஷத்தில் வேறு வார்த்தை வந்துவிட்டது.

"போயிட்டு வாரேன்ப்பா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஈரக் கையோடு அப்படியே நின்றேன். டிராம் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயும் விட்டது. நான் நகரவில்லை. மறுபடியும் சொல்லவும் பயமாக இருந்தது. அப்பா எங்கேயோ பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, திரையைப் பார்த்தார்.

"சரி. போயிட்டு வா ஆத்தா."

அதன் பிறகுதான் எனக்குக் கால் எழுந்தது.