"எங்க நிண்டு அளந்த?" என்று கேட்ட லத்தீப் காக்கா

சாகாமம் குளத்தருகே புதிய மைதானம் ஒன்றைப் பார்வையிடப் போயிருந்தபோது கைபேசி அடித்தது. அழைத்தவன் காரைதீவு ரஜீவன். இப்போது கொழும்புக் கழகம் ஒன்றுக்கு வேகப்பந்து வீசுகிறான்.

"சேர், லத்தீப் காக்கா மவுத்தாகிட்டாராம். மெய்தானா?"

எங்கள் கல்முனைச் செய்தி கொழும்பைச் சுற்றிக்கொண்டு எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. காக்கா இருந்திருந்தால், அது எந்த வேகத்தில் வந்தது என்று உடனே கணக்குப் பார்த்திருப்பார். இன்னா லில்லாஹி சொல்லிக்கொண்டு வண்டியைத் திருப்பினேன். வழி முழுக்க அழுதேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நற்பிட்டிமுனையிலிருந்து மாவடிப்பள்ளி வரை கலியாண வீடுகளைப் படம் பிடித்தவர் அவர். 'வீடியோ லத்தீப்' என்றால்தான் பலருக்குத் தெரியும். வாழ்நாளில் ஒரு பந்தும் அவர் வேகமாக வீசியதில்லை. பள்ளியில் தொழுகை தொடங்க இகாமத் சொன்னாலும் ஆறுதலாக நடந்தே வருவார். ஆனால் உலகத்து வேகப்பந்து வீச்சாளர்களில் யார் யாரை விட வேகம் என்ற பேச்சு எழுந்துவிட்டால், சாப்பாட்டுச் சகனில் வைத்த கையை அப்படியே எடுத்துவிடுவார்.

சாய்ந்தமருதில் ஒரு கலியாண வீடியோக் கசற்றில், மாப்பிள்ளை வாசலுக்கு வந்த இடத்தில் நான்கு பந்துகள் பதிவாகியிருக்கின்றன. பக்கத்து அறைத் தொலைக்காட்சியில் டெஸ்ட் ஆட்டம். காக்கா கமராவை அங்கே திருப்பிவிட்டார். பெண் வீட்டார் சண்டைக்கு வந்தபோது, "மாப்பிள திரும்பியும் வாசலுக்கு வரலாம். அந்தப் பந்து திரும்பி வருமா?" என்று கேட்டாராம். மாப்பிள்ளையும் பாவம், இரண்டாந்தரம் வாசலுக்கு வந்தார்.

கமராவில் செக்கனுக்கு இருபத்தைந்து படம். கையிலிருந்து கிளம்பிய பந்து மட்டைக்கு வர எத்தனை படம் என்று ஒவ்வொன்றாக நிறுத்தி எண்ணுவார். அந்தக் காலத்து மேற்கிந்தியத் தீவு வீரர்கள்தான் வேகம் என்று நான் சொல்வேன். இல்லை, இன்றைய அவுஸ்திரேலியர்தான் என்று வேறொருவர் திரையில் காட்டிய எண்ணைச் சொல்வார். காக்கா இருவரையும் விடமாட்டார்.

"எங்க நிண்டு அளந்த? ஒண்டு கைய விட்டு வெளிக்கிடக்குள்ள அளந்த. மற்றது மட்டைக்குக் கிட்ட வரக்குள்ள அளந்த. வாற வழியில வேகம் குறையுந்தானே? ரெண்டையும் ஒரே தராசில வெச்சா ஞாயமா?"

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துப்போனது. ஒருநாள் அது என் தலையிலேயே வந்து விழும் என்று நான் நினைக்கவில்லை.

நான் விளையாட்டு உத்தியோகத்தர். மாகாண அணிக்கான தெரிவில், பொலிசார் வீதியில் பிடிப்பது போன்ற வேகமளக்கும் கருவியைப் பிடிப்பது என் வேலை. மணிக்கு நூற்று முப்பது கிலோமீட்டரைத் தொட்டால் பெயர் மேலே போகும். மூன்று வருடங்களாக எங்கள் கரையோரத்தில் ஒருவரும் தொடவில்லை. "இந்தப் பக்கம் வேகம் பிறக்காது" என்று வெளியிலிருந்து வந்த தெரிவாளர்கள் சிரித்தார்கள். நாலாம் வருடம் ரஜீவன் வந்தான். வயதெல்லையின்படி அதுவே அவனுக்குக் கடைசி வாய்ப்பு. ஆறு பந்து வீசினான். அதிகபட்சம் நூற்றுப் பதினேழு. பெயரை வெட்டினேன்.

எல்லைக்கோட்டருகே கமராவுடன் நின்ற காக்கா நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, இவன்ட பந்து பதின்மூணு படம். டீவியில நூத்தி முப்பத்தஞ்சு காட்டுற பந்தும் பதின்மூணு படந்தான். மெசின் பொய் செல்லல்ல. நீ இருக்கிற இடந்தான் பொய்."

நான் இருந்தது ஆடுகளத்துக்குப் பக்கவாட்டில், கூடாரத்தின் நிழலில். மூன்று வருடமும் அதே கதிரை.

"காக்கா, பெரியாக்கள் இருக்காங்க. மானத்த வாங்காதீங்க" என்றேன்.

"அவன்ட கடைசி வருசத்த விட உன்ட மானம் பெரிசா?"

கேட்ட கையோடு தன் பழைய மோட்டார் சைக்கிளை மைதானத்துக்குள் இறக்கி, "மீட்டர் நாப்பதில வாறன், அளந்து பாரு" என்று பந்துவீச்சாளர் ஓடிவரும் வழியே ஓட்டினார். நிழலிலிருந்து பிடித்தேன். முப்பத்தைந்து. "இப்ப ஒழும்பி ஸ்டம்புக்குப் பின்னால போ!" என்றார். அதே வேகத்தில் மீண்டும் வந்தார். வெயிலில், நேருக்கு நேராக நின்று பிடித்தேன். நாற்பது. சந்தேகப்பட்ட தெரிவாளர் ஒருவர் தானே கருவியை வாங்கிப் பிடித்தார். நாற்பதேதான். நேரே வருவதைத்தான் கருவி சரியாக அளக்கும்; பக்கத்தில் நின்று பிடித்தால் குறைத்தே காட்டும்.

அந்த மூன்று வருடத்தில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினேனோ! எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "பிழை என்ட. திரும்ப அளப்பம்."

ரஜீவன் மீண்டும் ஓடி வந்தான். நான் விக்கெட் காப்பாளருக்குப் பின்னால், வலைக்கு அப்பால் நின்றேன். நூற்று முப்பத்திரண்டு. அடுத்தது நூற்று முப்பத்து நான்கு! மைதானமே எழுந்து நின்றது. கரவலை இழுத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்தவர்களும் தலைப்பாகையைக் கழற்றி வீசினார்கள். சிரித்த தெரிவாளர்கள் பேனாவைத் தேடினார்கள். ரஜீவன் ஓடிவந்து காக்காவைத் தூக்கிவிட்டான். அவரோ, "டேய், கமரா விழப்போகுது!" என்று கத்தினார்.

அதன்பின் நான் நிழலில் இருந்து அளந்ததில்லை. முந்தைய வருடத்தவர்களில் வயதெல்லை தாண்டாத இருவரைத் தேடிப் பிடித்து மறுபடி அளந்தேன். அதிலும் ஒருவர் தெரிவானார்.

ஜனாஸா அஸர் தொழுகைக்குப் பின் கடற்கரை மையவாடியில் நல்லடக்கம் செய்யப்பட்டது. கொழும்பிலிருந்து பஸ்ஸில் புறப்பட்ட ரஜீவன் இரவில்தான் வந்து சேர்ந்தான்; முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் காலை காக்காவின் வீட்டுக்குப் போய் மகனிடம் மோட்டார் சைக்கிளின் திறப்பை வாங்கி வண்டியைக் கிளப்பினான். என்னை மைதானத்துக்கு அழைத்தான்.

"சேர், மெசினோட நில்லுங்க."

ஸ்டம்புக்குப் பின்னால் நின்றேன். பத்து மணி வெயில் கண்ணில் அடித்தது. அந்தப் பழைய வண்டி புகை கக்கிக்கொண்டு நேரே என்னை நோக்கி வந்தது. கருவியை உயர்த்தினேன்.

நாற்பது. அல்லாஹ் உங்கள் கபுறை விசாலமாக்கட்டும். நேரே நின்றுதான் அளந்தேன், காக்கா.