மூன்றாம் பாகம் வாங்கிய வாப்பா

இன்று பாளையங்கோட்டைப் புத்தகக் கடையில், சிறுவர்களுக்கான மாயாஜால நாவல் ஒன்றின் மூன்றாம் பாகத்தை ஆசையாக எடுத்தார் ஒருவர். மேலப்பாளையத்துக்காரர். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறார்.

"முதல் ரெண்டு பாகமும் மவளுக்கு உசிரு. போன்ல அவகிட்ட பேச விஷயம் வேணும்லா? அதான் அங்கன இருந்து நானும் படிச்சேன்" என்றார் என்னிடம்.

உடனே மகளை ஸ்பீக்கரில் அழைத்தார்.

"வாப்பா, அதெல்லாம் சின்னப் பிள்ளைங்க படிக்கது. நான் எப்பவோ விட்டுட்டேன்."

"சரிம்மா" என்று போனை வைத்தார். புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையைப் படித்தார்.

பிறகு, "கதையில வார அந்தப் பையன் வீடு வந்து சேர்ந்தானான்னு தெரியணும்லா" என்று சொல்லிப் பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

நானும் ஒன்று வாங்கிவிட்டேன். முதல் இரண்டு பாகங்கள் யாரிடமாவது இருந்தால் தாருங்கள். அந்த மனிதரை மறுபடி பார்த்தால், அவரோடு இந்தக் கதையைப் பேச ஓர் ஆளாவது வேண்டாமா?