ரேடியம் சுட்ட குடலும் தேக்கிலைப் பொட்டலமும்

அடுத்தவர் மலத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சோறு தின்கிற உத்தியோகம் நம்முடையது. இதில் மூக்கைவிட வாயைத்தான் அதிகம் அடக்க வேண்டும் என்பது கூட்டாளிகளான உங்களுக்குத் தெரியும்.

எது புளி?

யுத்த காலம். பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. சித்தேரி மலையிலிருந்து மாதம்மா வந்தாள். மதராஸில் கர்ப்பப்பைக் கட்டிக்கு ரேடியம் வைத்துத் திரும்பியவள். இன்னொரு தடவை வைத்தால்தான் கட்டி முழுக்கக் கரையும். ஆனால் ரேடியம் பக்கத்திலிருக்கும் சிறுகுடலையும் சுட்டுவிடும். மலத்தில் ரத்தமும் சளியும் நின்ற பிறகுதான் அடுத்த தடவை என்பது மதராஸ் உத்தரவு. நின்றதா என்று சொல்ல வேண்டியவன் நான்.

மலைக்காரர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். புளி ஒரு பொட்டலம், நான் கேட்டது ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரித் தேக்கிலையில் கட்டி டாக்டரம்மாவின் மேஜைமேல் வைத்துவிட்டாள். டாக்டரம்மா ஆசையாய் ஒன்றைப் பிரிக்கப் போனார். நான் பாய்ந்து பிடுங்கினேன். மாதம்மாவுக்கு என் அவசரம் புரியவில்லை.

"ரெண்டுமே உங்களுக்குக் கொண்டாந்ததுதானுங்களே!"

யார் வயிற்றுப் புழு?

நான் கேட்ட பொட்டலத்தில் ரத்தமும் சளியும் இருந்தன. இப்போது மதராஸ் போகக்கூடாது என்றோம். அடுத்த வாரமே சுத்தமான ஒன்று வந்தது. டாக்டரம்மா சம்மதம் எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். எனக்கு மட்டும் உறுத்தியது. மைக்ராஸ்கோப்பில் கொக்கிப்புழு முட்டைகள் கொட்டிக் கிடந்தன. மாதம்மாவிடம் அதற்கு முன் ஒரு முட்டைகூட நான் பார்த்ததில்லை.

தன்னுடையதுதான் என்று சாதித்தாள். நானும் விடுவதாயில்லை. கடைசியில், வாசலில் நின்ற அவள் புருஷன் கூச்சத்தோடு எட்டிப் பார்த்தான்.

"அப்ப எனக்குத்தான் புழுவுங்களா?"

மலையிறங்கிய மாதம்மா

வந்த கோபத்தில் கத்திவிட்டேன். அவளும் அழுதுகொண்டே கத்தினாள். குடல் வெந்துவிட்டதென்று எழுதினால் மதராஸில் சேர்க்கவே மாட்டார்கள், கட்டியோடு சாக வேண்டியதுதான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேட்டதும் என் கோபம் போய்விட்டது. பாவமாக இருந்தது. வெந்த குடலில் மறுபடி ரேடியம் பட்டால் ஓட்டை விழுந்து உயிரே போகும் என்று விளக்கினேன். ஆறியதும் நானே அனுப்புகிறேன் என்று டாக்டரம்மா வாக்குக் கொடுத்தார்.

அதன்பின் அரிசிக் கஞ்சியும் மோருமாக இருந்துகொண்டு வாராவாரம் மலையிறங்கினாள். மழையிலும் இறங்கினாள். ரத்தம் குறைந்தது, சளி குறைந்தது, ஒரு நாள் இரண்டுமே இல்லை. நம்பாமல் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மதராஸ் ரயிலுக்குக் கிளம்பும்போது கும்பிட்டுச் சொன்னாள்:

"கோயிலுக்குக்கூட இத்தன பயபக்தியா எதையும் நான் எடுத்தாந்ததில்லைங்க."

வாய் ஆயிரம் சொன்னாலும் வயிறு சொல்வதை மட்டுமே எழுதுகிறவனுக்கு எந்த வீட்டிலும் விருந்துக்கு அழைப்பு வராது, வராவிட்டால் போகிறது.