தெளிந்த முகம்

றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அம்மாக்கண்ணுவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை ஈரத்துக்கென்று கூடுதலாகக் கழித்தால், "மழைத்தண்ணிதானுங்களே ஐயா, பிழிஞ்சு தாங்க, வீட்டுல தேத்தண்ணி வச்சுக்கிறேன்" என்பாள். வரிசையே சிரிக்கும். புருஷன் போன பிறகும் அந்த வாயை வைத்துத்தான் மகள் தனுஷிகாவை வளர்த்தாள். அந்த வாய் உண்மை சொல்லப் பயந்தது ஒரே ஒரு தடவைதான்.

தனுஷிகாவுக்கு மஸ்கெலியாவில் சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளை கிஷாந்த் கொழும்பில் கடை வேலை. அவனுடைய தாய் அழகம்மா பெண் பார்க்க வந்தவள், தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "லட்சணமான புள்ள. மலையில காஞ்சிருக்கு, அவ்வளவுதான். கல்யாணத்துக்குள்ள தெளிஞ்சிரும்."

அந்தத் 'தெளிஞ்சிரும்' அம்மாக்கண்ணுவுக்குள் முள்ளாகக் குத்தி நின்றது.

பரிசம் போட்ட பெண்ணை அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிக்க அனுப்பமாட்டார்கள். வெயில் படாமல் லயத்து வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பார்கள். மகளின் கூடையை ஆணியில் மாட்டிவிட்டு, அம்மாக்கண்ணு ஹட்டனுக்கு பஸ் ஏறினாள். அங்கே ஒரு அழகு நிலையத்தில், பெயரோ எழுத்தோ ஒட்டாத வெள்ளை டப்பி ஒன்றைக் கொடுத்தார்கள். "பூசிப் பாருங்கக்கா. உங்க புள்ளய உங்களுக்கே அடையாளம் தெரியாது."

சொன்னபடியே ஆயிற்று. முகம் வெளுத்தது. கழுத்து கறுப்பாகத் தெரிந்ததால் கழுத்துக்கும் பூசினாள். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த நாகலெட்சுமியின் மகள் வினோதா ஓடிவந்து, "எனக்கும் கொஞ்சம் தாங்க பெரியம்மா" என்று ஒரு சின்னக் கிண்ணத்தில் வாங்கிப்போனாள்.

தனுஷிகாவின் வெளுத்த முகம் பிறகு பூரித்தது. கன்னம் உப்பி, காலையில் கண் இமை தடித்திருந்தது.

"என்னாடி, குந்தித் தின்னுறது மொகத்துலயே தெரியுதே!" என்று நாகலெட்சுமி கேலி பேசினாள்.

"ஒனக்கு ஏன்டி வயிறு எரியுது? கல்யாணக் களைடி அது!" என்று அம்மாக்கண்ணு திருப்பிக் கொடுத்தாள்.

மலையேறும் பெண்களுக்குச் சதை பிடித்து அந்த லயத்தில் யாரும் பார்த்ததில்லை. வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தால் இப்படித்தான் ஆகும் போலும் என்று எல்லாருமே நினைத்தார்கள். அம்மாக்கண்ணு சந்தோஷமாகக் கல்யாண ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்கக் கொடுத்தாள். கொலுசு கணுக்காலில் இறுகி, கழற்ற முடியாமல் போன அன்றுதான் மகளைத் தோட்டத்து மருந்துச்சாலைக்குக் கூட்டிப்போனாள். அங்கே இரத்தம் குறைவென்று குளிசை கொடுத்தார்கள். வீக்கம் இறங்கவில்லை. கண்டிக்குக் கொண்டுபோனபோது, சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்றார்கள்.

கட்டிலைச் சுற்றி எல்லாரும் நின்றிருந்த நேரத்தில் டாக்டரம்மா சிங்களத்தில் ஏதோ கேட்டார். தமிழ் தெரிந்த தாதி மிஸ்ஸி அதைத் திருப்பிச் சொன்னாள்: "புள்ள மொகத்துக்கு ஏதாச்சும் கிறீம் பூசுதா?"

பக்கத்தில் பிஸ்கட் பொதியோடு அழகம்மா நின்றிருந்தாள்.

அம்மாக்கண்ணு அவளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஒண்ணும் பூசுறதில்லீங்க. அவ பொறந்த நெறமே அதுதான்."

தனுஷிகா தாயைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அம்மாக்கண்ணு மாற்றுத்துணிக்குள் டப்பியைச் சுருட்டி எடுத்து வந்தாள்.

"வேணாம்மா. அந்த மிஸ்ஸி கேட்டாங்களே..."

"பேசாம பூசு புள்ள. நெறம் விட்டுப்போச்சுன்னா அந்தம்மா என்னா நெனைப்பாங்க? கழுத்துல தாலி ஏறட்டும், அப்புறம் நிப்பாட்டிக்கலாம்."

தலையணைக்கடியில் மிஸ்ஸி அதைக் கண்டுபிடிக்கும்போது டப்பி பாதி காலி. பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பாதரசம் என்று வந்தது. தோல் வழியே உடம்பில் இறங்குமாம், சிறுநீரகத்தை அரிக்குமாம். டாக்டரம்மா ஏசவில்லை. மிஸ்ஸிதான் மெதுவாகச் சொன்னாள்: "கேட்ட அன்னைக்கே சொல்லியிருந்தா அப்பவே நிப்பாட்டியிருக்கலாமேம்மா."

பூச்சை நிறுத்திவிட்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஆனால் அதற்குள் காலில் இரத்தம் கட்டி, அந்தக் கட்டி நெஞ்சுக்கு ஏறிவிட்டது.

தனுஷிகாவின் உடலை வேனில் கொண்டுவந்து காம்பராவில் கிடத்தினார்கள். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அம்மாக்கண்ணு சுவரோடு சாய்ந்து இருந்தாள். அழகம்மா குனிந்து பெண்ணின் கன்னத்தைத் தடவினாள். "என்னா நெறம்! மகாலெட்சுமி மாதிரி இருக்காளே, எங்க வீட்டுக்கு வர குடுத்து வைக்கலியே!"

அம்மாக்கண்ணு எழுந்து வந்தாள். துணிக்குள் இருந்த மகளின் கைகளை எடுத்து வெளியே வைத்தாள். கைக்கு அவள் எதுவும் பூசியதில்லை. கொழுந்துக் கறை இன்னும் நகக்கண்ணில் கறுத்திருந்தது.

"இதுதான் சம்பந்தி எம்புள்ள நெறம். மொகத்துல இருக்கிறது நான் வாங்கிப் பூசுன விசம். டாக்டர் கேட்டப்ப நீங்க பக்கத்துல நின்னீங்க. அதான் மறைச்சிட்டேன்."

அழகம்மா கன்னத்தைத் தடவிய கையை முந்தானையில் துடைத்தாள்.

"கறுப்பா இருந்தா வேணாம்னு நாங்க சொன்னமா?" என்றாள் அழகம்மா.

"தெளிஞ்சிரும்னு சொன்னீங்களே."

அழகம்மா யோசித்தாள். "நானா? எப்ப சொன்னேன்?"

அவள் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அம்மாக்கண்ணு திரும்பி, வாசலில் நின்ற பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். நாகலெட்சுமிக்குப் பின்னால் வினோதா துப்பட்டாவால் பாதி முகத்தை மூடிக்கொண்டு நின்றாள்.

"இங்க வாடி," என்றாள், மலையில் கூப்பிடுகிற அந்தப் பழைய குரலில். "துணிய எடு. மொகத்தக் காட்டு."