நானாகத்தான் விழுந்தேன்

எங்கள் ஊர் அம்மனுக்குப் புரட்டாசி கடைசிச் செவ்வாயில் கொடை விழா. பத்தமடையைத் தாண்டி ஆற்றோரமாக இருக்கிற சின்ன ஊர். மற்ற நாட்களில் பேருந்து நிற்பதற்கே யோசிக்கும். கொடைக்கு மட்டும், கட்டிக்கொடுத்துப் போன பெண்கள் எல்லாரும் பிள்ளை குட்டிகளோடு வந்து இறங்கிவிடுவார்கள். மதியம் மூன்று மணிக்கு முளைப்பாரி ஊர்வலம் கோயிலில் கிளம்பி நான்கு தெருவையும் சுற்றி ஆற்றுக்குப் போகும். கொடை என்றாலே எங்களுக்கு அதுதான்.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அந்தக் கொடைக்குக் ‘காலேஜ் கொடை’ என்று பெயர் வந்துவிட்டிருந்தது. ஊருக்கு வெளியே இஞ்சினியரிங் கல்லூரி வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. முதலில் மாணவர்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிறகு மேளத்துக்கு முன்னால் ஆடினார்கள். பிறகு வண்ணார்பேட்டையிலிருந்து ஆள் உயர ஸ்பீக்கர் கொண்டுவந்து, மேளக்காரர்களைச் சும்மா நிற்க வைத்துவிட்டு ஆடினார்கள். அதற்கு முந்திய வருஷம் கலர்ப்பொடி வீசியதில் அம்மன் சப்பரமே பச்சையாகிப் போனது. சில பெண்கள் அழுதுகொண்டே பாதியில் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

ஊர் சும்மா இருந்ததற்கும் காரணம் இருந்தது. பாதி வீட்டு மாடியில் மாணவர்கள்தான் குடியிருந்தார்கள். எங்கள் வீட்டிலும் நான்கு பேர். அப்பா திருப்பூரில் வேலை பார்த்தார். மாடி வாடகையும், மாடிக்காரர்களுக்குச் சமைத்துப் போடுவதும் அம்மாவின் பொறுப்பு. அந்த நான்கு பேரில் வள்ளியூர் அண்ணன்தான் எனக்கு எல்லாம். வகுத்தல் கணக்கைத் தீக்குச்சி அடுக்கிச் சொல்லிக்கொடுத்தது அவன்தான். அம்மாவை ‘யக்கா’ என்பான். அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாளும் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தது நான்.

அந்த வருஷம் கொடைக்கு முன்னால், விழாக் கமிட்டிக்குத் தலைவரான என் பெரியப்பா கல்லூரிக்கே போய்ப் பேசிவிட்டு வந்தார். எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு அம்மாவிடம் சொன்னார்.

“பிரின்சிபால் வாக்குக் குடுத்துட்டாரு. எவன் தகராறு பண்ணாலும் பேரை மட்டும் சொன்னாப் போதுமாம். மறுநாளே டி.சி.யைக் கிழிச்சுக் குடுத்துருவாராம். உன் மாடிக்காரப் பயலுவ கிட்டயும் சொல்லி வையி.”

அம்மா சொன்னாள். நான்கு பேரும் தலையாட்டினார்கள்.

எனக்கு அப்போது அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. முதல் முறையாக நான் முளைப்பாரி எடுக்கப் போகிறேன். கமிட்டியிலிருந்து வந்த விதையை மண்சட்டியில் போட்டு, உள் அறையில் வெளிச்சம் படாமல் ஒன்பது நாள் வளர்த்தாள் அம்மா. ஒன்பது நாளும் ஒரு வேளைச் சாப்பாடுதான். காலையில் குளித்து ஈரத்தலையோடு அவள் மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் தெளித்துவிட்டு வருவாள். கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்க்க முயன்று இரண்டு முறை குட்டு வாங்கினேன். ஒன்பதாம் நாள் சட்டி வெளியே வந்தபோது முளைகள் ஒரு முழ உயரத்தில் வெளிர்மஞ்சளாக, கோதிவிட்ட முடிபோல நின்றன. ஊரிலேயே எங்கள் முளைப்பாரிதான் அழகு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லவும் செய்தேன்.

ஊர்வலத்தில் உயர வரிசைப்படி நிற்க வைத்ததில் நான் கடைசி ஆள். எனக்குப் பின்னால், கைக்கு எட்டும் தூரத்தில் அம்மா.

தெற்குத் தெரு வரைக்கும் நன்றாகத்தான் போனது. அங்கே திரும்பும் முனையில் சந்து குறுகும். சைலன்சரைக் கழற்றிய ஏழெட்டு மோட்டார் சைக்கிள்கள் எதிரே வந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று பேர். கலர்ப்பொடி பறந்தது. எனக்கு முன்னால் போன பெண்கள் முளைப்பாரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக முனையைத் தாண்டிவிட்டார்கள். புகையும் பொடியுமாக இருந்த இடத்தில் நானும் அம்மாவும் மட்டும் நின்றோம். ஒரு வண்டியின் கைப்பிடி என் தோளில் இடித்தது. தலையிலிருந்த சட்டி போய்விட்டது. நான் முழங்கை தேய விழுந்தேன். நிமிர்ந்தபோது வண்டியை ஓட்டியவனின் முகம் தெரிந்தது. நெற்றி முழுக்க ரோஸ் பொடி. வள்ளியூர் அண்ணன்.

அவனும் என்னைப் பார்த்தான். பின்னால் இருந்தவன் ‘போலே, போலே’ என்று முதுகில் குத்த, வண்டி போய்விட்டது.

பெரியப்பா ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் ஊர்ப் பையன்கள் ஏழெட்டுப் பேர், இரண்டு பேர் கையில் கம்பு. சட்டி ஐந்தாறு துண்டாகக் கிடந்ததைப் பார்த்ததும் பெரியப்பாவின் முகம் வெளுத்தது.

“யாரு இடிச்சா? பயப்படாம பேரைச் சொல்லுட்டி.”

எனக்கு டி.சி. என்றால் என்னவென்று சரியாகத் தெரியாது. கிழித்துக் கொடுப்பார்கள் என்பது மட்டும் தெரியும். கம்பையும் பார்த்தேன்.

“யாரும் இடிக்கல, பெரியப்பா. நானாத்தான் தடுக்கி விழுந்தேன்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“நானாத்தான் விழுந்தேன்.”

பெரியப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. எனக்கு நீளமாக இருந்தது. பிறகு அவரிடம் திரும்பி, “பிள்ளைதான் சொல்லுதாள்லா, அத்தான். கால் தடுக்கிருச்சு” என்றாள்.

“ஒரு பயலும் இடிக்காம, சும்மா நடந்து போற பிள்ளை தலையில இருந்து அம்மன் முளைப்பாரி விழுமா?” அவர் குரல் தாழ்ந்துவிட்டது. “விரதத்துல ஏதும் குறை வச்சியா?”

“மண்சட்டி, உடைஞ்சிருச்சு. முளைக்கு ஒண்ணும் ஆகல.”

அம்மா அப்படியே தெருவில் உட்கார்ந்து, மண்ணோடு பெயர்ந்து கிடந்த முளைகளை ஒவ்வொரு கொத்தாக எடுத்து மடியில் கட்டினாள். ஒரு கையால் மடியையும் மறு கையால் என்னையும் பிடித்துக்கொண்டு நடந்தாள். முன்னால் போன பெண்கள் விலகி வழிவிட்டார்கள். அது மரியாதை என்று நினைத்து நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அம்மா மடியை அவிழ்த்துவிட்டாள். மற்ற முளைப்பாரிகளோடு எங்களுடையதும் போனது.

பொழுது சாய்வதற்கு முன்பே வள்ளியூர் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான். முகத்தைக் கழுவியிருந்தான், காதோரம் மட்டும் பொடி இருந்தது. மாடிப்படிக்குக் கீழே நின்றான்.

“யக்கா, நான் போய்ப் பெரியவர்ட்ட சொல்லிருதேன்.”

“சொல்லி?” என்றாள் அம்மா. “உங்க அப்பா கடனை உடனை வாங்கி உன்னை எதுக்கு அனுப்பியிருக்காரு? இன்னும் ஆறு மாசம். பரீட்சையை எழுதிட்டுப் போ. இப்ப உள்ள வந்து சாப்பிடு.”

அவன் சாப்பிடவில்லை. நான் கதவருகில் நின்று, நன்றி சொல்வான், குறைந்தபட்சம் ஒரு சாக்லேட்டாவது தருவான் என்று காத்திருந்தேன். அவன் என் முழங்கையில் போட்டிருந்த துணிக்கட்டைப் பார்த்துவிட்டுப் படியேறிப் போய்விட்டான். மாதக் கடைசியில் நான்கு பேருமே காலி செய்துகொண்டு கல்லூரி விடுதிக்குப் போனார்கள். காப்பாற்றியவளிடம் சொல்லாமல்கூடப் போகிறானே என்று இரண்டு நாள் கோபமாக இருந்தேன்.

மறு வருஷம் தெரு முனைகளில் போலீஸ் நின்றது. மோட்டார் சைக்கிள்கள் வரவில்லை. மேளம் கேட்டது. பெண்கள் பயமில்லாமல் கும்மியடித்தார்கள். பழைய கொடை திரும்பி வந்துவிட்டது என்று ஊரே சொன்னது. முளைப்பாரி விதை மட்டும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கேட்டதற்கு, “இந்த வருஷம் வேற வீட்டுக்குக் குடுத்திருக்காவ” என்றாள் அம்மா. மூன்று வருஷம் அப்படியே போயிற்று. மூன்று வருஷமும் அவள் ஊர்வலத்துக்கு வரவில்லை. முழங்கால் வலிக்கிறது, அத்தையோடு போ என்று எனக்குத் தலைபின்னிப் பூ வைத்து அனுப்பினாள்.

நானும் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, சவ்வுமிட்டாயைச் சப்பியபடி குஷியாகப் போனேன். திரும்பி வரும்போது அம்மா மொட்டைமாடியில் ஏணி போட்டு ஏறித் தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருப்பாள். கீழே நின்றபடியே கும்மியையும் சப்பர அலங்காரத்தையும் பற்றிக் கத்திக் கத்திச் சொல்வேன். அவள் தேய்ப்பதை நிறுத்தாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். முழங்கால் வலிக்கிறவள் ஏணியில் எப்படி ஏறினாள் என்று அந்த மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.